மடுல்சீமையில் ஒரு ஜப்பான் தட்டி

நான் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியில் ஜப்பானிய ஓவியம் பற்றிப் பாடம் நடத்துகிறவன். ஜப்பானுக்குப் போனதில்லை. அசல் ஜப்பானிய ஓவியம் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. அச்சுப் படங்களையும், அவற்றைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் ஒரு கருவியையும் வைத்துக்கொண்டு பல வருடங்களை ஓட்டியிருக்கிறேன். கருவியின் பல்பு போன நாட்களில் கையால் காற்றில் வரைந்து காட்டுவேன். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

இலங்கையின் பதுளையிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் ஆள் மூலம் சொல்லியனுப்பினார். ஒரு வார இதழில் நான் எழுதியதைப் படித்தாராம். தம்மிடம் ஜப்பான் படம் ஒன்று இருக்கிறதாம், பாதிதான் இருக்கிறதாம், வந்து பார்க்க முடியுமா என்றார். ஜப்பானைவிடப் பதுளை பக்கம் என்பதால் கிளம்பிவிட்டேன்.

இராமேஸ்வரத்தில் நான் கப்பலுக்குக் காத்திருந்தபோது, அக்கரையிலிருந்து வந்த கப்பலிலிருந்து குடும்பங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள். இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்த கணக்கில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர்கள். தகரப்பெட்டி, சுருட்டிய பாய், அம்மி. ஒரு பெண் கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் வெயிலில் வியர்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் இறங்கி முடித்ததும் நாங்கள் ஏறினோம்.

மலையேறும் ரயிலில் என் பையிலிருந்த காய்ந்த மிளகாய் வாசனையை எதிரே இருந்த சிங்களப் பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். அந்த வருடம் இலங்கையில் மிளகாய், சீனி, மாவு, அரிசி எல்லாவற்றுக்கும் பஞ்சம். அவர் தம் மனைவியிடம் ஏதோ சொன்னார். பக்கத்திலிருந்தவர் எனக்கு மொழிபெயர்த்தார்: “முகர்ந்து பார்க்கவாவது விடுவாரா என்று கேள் என்கிறார்.” பையைத் திறந்து நீட்டினேன். இருவரும் முறை வைத்து முகர்ந்தார்கள். இறங்கும்போது எனக்கு நான்கு நாரத்தங்காய் கொடுத்தார்கள். பதிலுக்கு நான்கு மிளகாய் கொடுத்தேன். இருவரும் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்கள்.

பதுளையில் கோச்சி நின்றபோது மழை. கோச்சி என்றால் அங்கே ரயில். குடையுடன் காத்திருந்தவர் ஹனிபா ஹாஜியார். அறுபதைத் தொட்டவர், வெள்ளைத் தொப்பி, தோளில் எப்போதும் ஒரு நீண்ட அளவு நாடா.

“நீங்க மிச்சம் வயசாளியா ஈப்பீங்கன்டு நெனச்சேன் மாஸ்டர்,” என்றார். அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

இரவு அவர் வீட்டில் குரக்கன் பிட்டும் கோழிக்கறியும். குரக்கன் என்பது நம் கேழ்வரகுதான். எங்கள் வீட்டில் கேழ்வரகை டாக்டர் சொன்னால்தான் சாப்பிடுவோம். இங்கே அரிசி இல்லாததால் விருந்தாளிக்கே அது. கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஹாஜியாரின் மனைவி கேட்டார்: “அவருக்கு உறைப்புப் போதுமாண்டு கேளுங்க.” போதும் என்றேன். மறுநாள் காலை என் மிளகாய்ப் பையை அப்படியே உள்ளே அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து சாப்பாடு வேறு மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாம் நாள் படத்தைப் பார்த்தேன். படம் வீட்டில் இல்லை. மான் உருவம் இருப்பதால் தொழுகிற இடத்தில் வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாராம். கடையின் பின்னறையில், துணிக் கட்டுகளுக்குப் பின்னால் மடித்துச் சாத்தியிருந்தது. ஆறு மடிப்பாக மடக்கும் தட்டி. மரச்சட்டத்தில் தாள் ஒட்டி, அதன்மேல் பொன் தகடு. ஜப்பானியர் இதற்கு வைத்த பெயருக்குக் காற்றைத் தடுப்பது என்று பொருள். இதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

ஹாஜியாரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து விரித்தோம். ஆள் உயரம், சுவர் நீளம்.

பொன் என்பது நிறம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அச்சில் அது மஞ்சளாக ஓரிடத்தில் நிற்கும். இங்கே நான் ஒரு அடி நகர்ந்தால் பொன்னும் நகர்ந்தது. ஜன்னல் பக்கம் போனால் வெளுத்தது, கதவுப் பக்கம் வந்தால் இருண்டது. நான் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஹாஜியார் என்னை வேடிக்கை பார்த்தார். இத்தனை வருடம் எதைப் பற்றிப் பாடம் நடத்தினேன் என்று நினைக்கையில் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது. அவர் துணிக்கடைத் தூசி என்று எடுத்துக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டார்.

மான் வலது ஓரத்தில் நின்றது. முதுகில் புள்ளிகள். ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, கழுத்தைத் திருப்பி இடது பக்கம் பார்த்தது. உடம்பைச் சுற்றிக் கோடே இல்லை. மயிர் மயிராகத் தூரிகை வைத்து, வயிற்றுப் பக்கம் நிறத்தைத் தளர்த்தி, விலா எலும்பு உள்ளே இருப்பது தெரியும்படி வரைந்திருந்தார்கள். காதுமடலுக்குள் இரத்தக் குழாய்கூட இருந்தது.

“இது அசலா மாஸ்டர்?”

நான் நேர்மையாகவே சொன்னேன். “நான் பார்க்கும் முதல் படம் இதுதான் ஹாஜியார். ஒத்துப்பார்க்க என்னிடம் வேறு இல்லை.”

மூலையில் கறுப்பு எழுத்தும் சிவப்பு முத்திரையும் இருந்தன.

“என்ன எழுதியீக்கிது?”

“பெயர்.”

“யார்ட பேரு?”

“வரைந்தவருடைய பெயர்.”

ஹாஜியார் குனிந்து முத்திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

தெரிந்ததைச் சொன்னேன். முன்பெல்லாம் ஜப்பானிய ஓவியர்கள் குருவின் படத்தைப் பார்த்துத்தான் மான் வரைவார்கள். குரு அவர் குருவின் படத்தைப் பார்த்து வரைந்திருப்பார். சுமார் இருநூறு வருடத்துக்கு முன் கியோட்டோ நகரத்தில் சிலர் மானையே பார்த்து வரையத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில் ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரர்களின், கப்பல்கள் ஜப்பானின் ஒரே ஒரு துறைமுகத்துக்கு மட்டும் வரும். அவற்றில் மேல்நாட்டுப் படப் புத்தகங்களும், கண்ணாடி பொருத்திய பெட்டிகளும் வந்தன. பெட்டிக்குள் எட்டிப்பார்த்தால் தெரு ஒன்று தூரத்தில் போகப் போகச் சிறுத்துக் கண்ணுக்கு மறைவது போலத் தெரியும். அதையும் இவர்கள் கற்றுக்கொண்டு, தம் பழைய மையிலும் பொன்னிலும் கலந்தார்கள்.

“ஒல்லாந்தன்ட கப்பலா,” என்றார் ஹாஜியார். “அப்ப நம்மட காலித் துறைமுகத்துல நின்டு தண்ணி எடுத்துட்டுத்தான் போயிருப்பான்.”

இருக்கலாம் என்றேன். என் வகுப்பில் யாரும் இதைக் கேட்டதில்லை.

“எல்லாத்தையும் பாத்தா வரைஞ்சான்?”

“புலியை மட்டும் பார்க்கவில்லை. ஜப்பானில் புலி கிடையாது. தோலை வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுப் பூனையைப் பார்த்து வரைந்தார்கள். அதனால் அந்தப் புலிகளுக்குப் பூனைக் கண்.”

அவர் சிரிக்கவில்லை. மானுக்கு நேரே ஒரு துணிக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

“எனக்கு ஒரே விசயம்தான் மாஸ்டர். இது என்னத்தப் பாக்குது? கடையப் பூட்டிட்டு ஒவ்வொரு நாளும் இதுல குந்திப் பாக்குற. நரியான்டு நெனைப்பன். இன்னொரு மானான்டு நெனைப்பன். வாப்பா மவுத்தான அன்டைக்கும் இதுலதான் இருந்தன். இது பாத்துக்கொண்டே ஈக்கிது. என்னத்தையோ கண்டுட்டு நிக்கிது. எனக்குக் காட்டுதில்ல.”

இந்த வகைத் தட்டிகள் ஜோடியாகத்தான் செய்யப்படும். வலது பாதி இது. இடது பாதி எங்கே என்று அவருக்கு அண்மையில்தான் தெரிந்திருந்தது. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது இந்தப் பாதியை ஹாஜியாரின் தந்தைக்கு விற்றார். மற்றப் பாதி மழையில் நனைந்து கறைபட்டிருந்ததால் துரைசாணி அதைப் பங்களாத் தோட்டக்காரர் பெரியசாமிக்குச் சும்மா கொடுத்துவிட்டார். போன மாதம் அந்தப் பெரியசாமி துணி வாங்க வந்தவர், பின்னறைக் கதவு திறந்திருந்ததால் உள்ளே பார்த்துவிட்டு, “இதே மாதிரி எங்க லயத்து வீட்டுலயும் ஒண்ணு இருக்குங்களே,” என்றாராம். துணி வாங்கியது இந்தியாவுக்குப் போவதற்காக. அவர் குடும்பத்துக்குப் பயணப் பத்திரம் வந்துவிட்டது.

“அவங்க போறதுக்கு முந்தி வாங்கிடணும். அங்க கொண்டு போக ஏலாதுதானே. லயத்துல விட்டுட்டுப் போனா வெறகாக்கிடுவாங்க. நீங்க பாத்து இது ரெண்டும் ஜோடிதான்டு சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கொள்றன்.”

ஜோடி சேர்ந்தால் நான் படம் பிடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அதை வைத்து ஒரு கட்டுரை எழுதினால் ஜப்பானிலிருந்து யாராவது அழைப்பார்கள் என்று அன்றிரவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் லொறி கிடைக்கவில்லை. ஊரைச் சுற்றிவிட்டு ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். அன்று அரசாங்க உத்தரவுப்படி கடைகளில் சோறு போடக்கூடாத நாள். பாண் என்கிற ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. காப்பி இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்று ஒன்று கொண்டுவந்தார்கள். அது சூடாக இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உலகத்துக்கெல்லாம் தேயிலை அனுப்பும் ஊரில் காப்பி கேட்டது என் பிழை.

நான்காம் நாள் காலை, மானைச் சாக்கில் சுற்றி லொறியில் நிறுத்தி, நாங்கள் மூவரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்து புறப்பட்டோம். மூன்றாவது ஆள் டிரைவர் பண்டா. பசறை தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடி. ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோவதைத் தடுக்கப் போட்டது. காவலர் சாக்கைத் தொட்டுப் பார்த்து, என்ன என்றார். பண்டா சிங்களத்தில் சொன்ன பதிலை ஹாஜியார் எனக்கு மொழிபெயர்த்தார்: “மான் என்கிறான்.” மான் வேட்டையும் குற்றம். எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டியதாயிற்று. காவலர் தட்டியை விரிக்கச் சொல்லி, முன்னும் பின்னும் பார்த்து, எங்கும் அரிசி இல்லை என்று உறுதி செய்துகொண்டார். போகும்போது மட்டும் ஒரு கேள்வி கேட்டார். ஹாஜியார் முகம் மலர்ந்து அதை மொழிபெயர்த்தார்: “அது எதைப் பார்க்கிறது என்கிறார்.”

மடுல்சீமைச் சாலையைச் சாலை என்று சொல்வது வழக்கம் கருதித்தான். ஒரு வளைவில் லொறியின் பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. பண்டா இறங்கிச் சுற்றி வந்து பார்த்து, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, தாம் இங்கேயே இருப்பதாகச் சொன்னார். கொழுந்துச் சாக்கை இறக்கிவிட்டுத் திரும்பிய தோட்டத்து ஆட்கள் இருவர் எங்களைப் பார்த்து நின்று, எங்கே போகிறோம் என்று விசாரித்தார்கள்.

“பெரியசாமி லயத்துக்கா? கொடுங்க, நாங்க தூக்குறோம்.”

தலையில் மான் போக, நாங்கள் பின்னால் போனோம். என் இரண்டு காலிலும் அட்டை. சென்னையில் மழை பெய்தால் கால் நனையும், அதோடு சரி.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள். பெரியசாமியின் அறைக்கு முன்னால் தாழ்வாரம் போல இறக்கிய தகரம், அடுப்பு. உள்ளே அறையைக் குறுக்காக மறித்துத் தட்டி நின்றது. எங்களுக்குத் தெரிந்தது அதன் முதுகுதான். பழைய செய்தித்தாள் ஒட்டி, முருகன் படக் காலண்டர் மாட்டியிருந்தது. இந்தப் பக்கம் பெரியசாமியும் அவர் மனைவியும். அந்தப் பக்கம் மகனும் மருமகளும் அவர்கள் குழந்தையும். மகன் மலையில் வேலைக்குப் போயிருந்தான்.

“படம் எந்தப் பக்கம்?” என்றேன்.

“உள்பக்கமுங்க,” என்றார் பெரியசாமி. “மகன் கலியாணத்தப்ப வச்சது. அதுக்கப்புறம் நான் பாத்ததில்லைங்க. அது அவங்க எடம்.”

மருமகள் செல்லம்மா குழந்தையை மாமனாரிடம் கொடுத்துவிட்டு, “கொஞ்சம் இருங்க,” என்று உள்ளே போனாள். துணிகளை ஒதுக்கும் சத்தம் கேட்டது. பிறகு தட்டி தானாக மடிவது போல ஒரு ஓரத்திலிருந்து மடிந்துகொண்டே வந்தது. ஒற்றை ஆளாக அதைத் தோளில் சாய்த்து வாசலுக்குக் கொண்டுவந்தாள். நானும் ஹாஜியாரும் கடையில் இரண்டு பேராக மூச்சுவாங்கி மடித்தது நினைவுக்கு வந்தது.

மழை விட்டிருந்தது. வாசலில் சாக்கு விரித்து, மானை வலது பக்கம் நிறுத்தி, அவள் தட்டியை இடது பக்கம் நிறுத்தினோம். பக்கத்து அறைக்காரர்கள் வந்து நின்றார்கள்.

அடுப்புப் புகையில் அந்தப் பாதியின் பொன் வெண்கலமாகியிருந்தது. கீழே ஒரு மூலையில் பழைய நீர்க்கறை. ஆனால் மானின் காலடிப் புல் அங்கே விட்ட இடத்தில் இங்கே தொடர்ந்தது. மூடுபனியும் தொடர்ந்தது. ஒரு ஆறு, அதன் கரையில் பைன் மரங்கள் வரிசையாக ஒரு பாதை. பாதை போகப் போகச் சிறுத்தது, மரங்களும் சிறுத்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக் கற்றுக்கொண்ட தூரம். அந்தப் பாதை ஏறக்குறைய முடிகிற இடத்தில், விரல் நகமளவு, ஒரு ஆள்.

நான் மண்டியிட்டுப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்.

“நிழல் இருக்கிறது,” என்றேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “இந்த ஆளுக்கு நிழல் வரைந்திருக்கிறார்கள்.”

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு பெரியசாமி மரியாதையாகச் சொன்னார். “ஆளுன்னா நெழல் இருக்கும்லங்க.”

பழைய ஜப்பானிய ஓவியத்தில் ஆளுக்கு நிழல் போடுவதில்லை, இது மேல்நாட்டுப் படத்தைப் பார்த்து வந்த பழக்கம் என்று விளக்கினேன். அவர்கள் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். ஹாஜியார் கேட்கவில்லை. தோளிலிருந்த அளவு நாடாவை எடுத்து, ஒரு முனையை என்னிடம் கொடுத்து மானின் கண்ணருகே பிடிக்கச் சொன்னார். மறுமுனையை இழுத்துக்கொண்டு இரண்டு தட்டியின் குறுக்கே நடந்தார். நாடா நேராக அந்த ஆளிடம் போய் நின்றது.

“மனுசன்,” என்றார். “மனுசனைத்தான் கண்டுட்டு நிக்கிது.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இங்கே தூசி இல்லை.

“வாறானா, போறானா?”

முகம் தெரியவில்லை என்றேன். அவ்வளவு சிறிய உருவத்தில் முன்னும் பின்னும் ஒன்றுதான்.

“வர்ற ஆளுதானுங்க,” என்றார் பெரியசாமி.

“போற ஆளுன்னுதான் நான் நெனச்சிருந்தேன்,” என்றாள் செல்லம்மா.

ஹாஜியார் வந்த காரியத்தை எடுத்தார். நாகரிகமாகத்தான் பேசினார். அவர்கள் ஊருக்குப் போவதற்கு வேண்டிய துணி, கம்பளி, பெட்டி எல்லாம் தம் பொறுப்பு. போகும்வரை அறையை மறிக்க நல்ல பலகையில் தட்டி அடித்துத் தரத் தச்சனை அனுப்புவார். இதைத் தமக்குக் கொடுத்துவிட வேண்டும். பெரியசாமி மருமகளைப் பார்த்தார். அவருக்குக் கொடுத்துவிட ஆசை என்று தெரிந்தது. துரைசாணி கொடுத்ததை நல்ல மனிதரிடம் சேர்ப்பதில் அவருக்கு ஒரு கௌரவம்.

செல்லம்மா குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்தாள்.

“நாங்க கொண்டு போறோங்க,” என்றாள்.

“இந்தியாவுக்கா?” என்றார் ஹாஜியார். “எதுக்கு மகள்? அங்க போயும் இத வச்சு என்ன செய்யப் போறீங்க?”

“இங்க செய்றதுதாங்க. மாமா மாமியும் எங்களோடதான வர்றாங்க. அங்க மட்டும் ரெண்டு ரூமா குடுக்கப் போறாங்க?”

ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். “மாஸ்டர், நீங்க அந்த ஊர் ஆள். சொல்லுங்க. வீடு குடுப்பாங்கதானே?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கொடுப்பார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு பாதியும் ஒன்றாகிவிடும், என் கட்டுரையும் ஆகிவிடும். அந்தப் பெண் நான் சொல்வதை நம்பவும் செய்வாள். அவர்கள் யாரும் பார்க்காத நாட்டைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

“இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களைப் பார்த்தேன்,” என்றேன். “அதற்குப் பிறகு எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. வரும் வழியில் அவர்களுக்கென்று கட்டியிருந்த சில வீடுகளைப் பார்த்தேன். ஒற்றை அறைதான்.”

“குளிருங்களா அங்க?” என்றாள் செல்லம்மா.

“இல்லை. வெக்கை.”

“அப்ப காத்துக்குன்னு வேணாம். மறைப்புக்கு வேணும்,” என்றாள்.

ஹாஜியார் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். மானைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்து நிற்கட்டும், அவசரமில்லை என்றார். தேத்தண்ணி வந்தது. சீனி இல்லாததால் உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி வைத்தார்கள். அவர் இரண்டு தட்டிக்கும் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, மிகவும் மெதுவாகக் குடித்தார். நான் படம் பிடித்தேன். மப்பாக இருந்தது, பொன் அச்சில் வந்தது போலவே மஞ்சளாக விழும் என்று தெரிந்தும் பிடித்தேன்.

செல்லம்மா தன் தட்டியை மடித்து உள்ளே கொண்டுபோனாள். முருகன் காலண்டர் பழையபடி எங்களைப் பார்த்தது.

நாங்கள் வளைவுக்கு இறங்கி வந்தபோது பண்டா யார் யாரையோ பிடித்து லொறியைச் சேற்றிலிருந்து எடுத்திருந்தார். பின்னால் ஏற்றிய கட்டு ஒன்றுதான் என்பதைப் பார்த்து, சிங்களத்தில் ஏதோ கேட்டார். ஹாஜியார் பதில் சொல்லவுமில்லை, எனக்கு மொழிபெயர்க்கவுமில்லை. அவருக்கு என்மேல் கோபம் என்று நினைத்தேன். இருந்தால் நியாயம்தான். அவர் வேறு யாரையாவது அழைத்துப் போயிருக்கலாம்.

பதுளைக் கடைத்தெரு விளக்குகள் தெரிந்ததும் அவர் வாய் திறந்தார்.

“கப்பல்ல உப்புக் காத்து,” என்றார். “சாக்கு மட்டும் போதாது மாஸ்டர். உள்ளுக்கு மெழுகுத்துணி சுத்தோணும். அதுக்கு மேல ரெண்டு பக்கமும் பலகை. நாளைக்குக் கடையில ஆள விட்டுட்டு நானே திரும்பப் போகோணும். அந்தப் புள்ளைக்கு மடக்கத் தெரியுது. கட்டத் தெரியாது.”